எல்க் வேட்டைக்குப் பை வாங்கும் முன் போட வேண்டிய கறிக் கணக்கு

வளர்ந்த ஆண் எல்க் மான் உயிரோடு 300 கிலோ அளவுக்கு இருக்கும். எலும்பெடுத்த கறி மட்டும் 80 முதல் 110 கிலோ தேறும். அமெரிக்காவின் கொலராடோவிலோ ஐடஹோவிலோ வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே மான் விழுந்தால், அவ்வளவையும் முதுகில்தான் இறக்க வேண்டும். நடைக்கு 30 கிலோ என்றால் குறைந்தது மூன்று நடை: சுமையோடு மூன்று முறை இறக்கம், இடையில் வெறும் பையோடு இரண்டு முறை ஏற்றம், மொத்தம் 25 கிலோமீட்டர். கூடாரத்தையும் கொம்பையும் சேர்த்தால் நான்காவது நடை, 35 கிலோமீட்டர். விட்டுவிட்டு வரவும் முடியாது. நான்கு கால் பகுதிகளையும் முதுகுக்கறியையும் உள் முதுகுக்கறியையும் காட்டில் விட்டு வருவது கொலராடோவில் குற்றம்.

ஆகவே "எத்தனை லிட்டர்?" என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது பிரேம், அதாவது பையைத் தாங்கும் முதுகுச் சட்டம்.

சாதாரண மலையேற்றப் பைகள் பெரும்பாலும் 15, 20 கிலோவை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. அதில் 35 கிலோ ஏற்றினால் பிரேம் வளைந்து அமுங்கும். இடுப்பில் நிற்க வேண்டிய எடை தோளுக்கு வந்துவிடும். கறி சுமக்கும் நல்ல பையின் பிரேம் மேலிருந்து அழுத்தினால் அசையக் கூடாது. பக்கவாட்டில் சற்று முறுகலாம், நடக்கும்போது இடுப்பு ஆட அந்த நெகிழ்வு வேண்டும். அலுமினியமா கார்பன் ஃபைபரா என்ற விவாதம் சில நூறு கிராம் பற்றியது. அதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவதாக, பையைப் பிரேமிலிருந்து விலக்கி நடுவில் கறியை வைத்துக் கட்டும் வசதி வேண்டும். ஸ்டோன் கிளேசியர், எக்ஸோ, கிஃபாரு போன்ற நிறுவனங்கள் இந்த அமைப்பில் பைகள் செய்கின்றன. எடை முதுகை ஒட்டியே இருக்கும், ரத்தம் பைக்குள் உள்ள தூக்கப் பையையும் உடைகளையும் தொடாது. அலாஸ்காவில் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மான் வேட்டை என்றால் கதை வேறு. அதன் ஒரு பின்தொடையே 45 கிலோவைத் தாண்டலாம். சில பகுதிகளில் கறியை எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும் என்று விதியும் உண்டு. அங்கே பையே இல்லாத வெறும் சுமைச் சட்டம்தான் சரி.

உடம்புக்குப் பொருத்துவது

தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு ஒன்று தெரியும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் ஒரு கோடு காட்டும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் முதுகு நீளம். உயரமானவருக்கு நீண்ட முதுகு என்று கட்டாயமில்லை, ஆகவே அளந்தே வாங்குங்கள்.

பிரேமின் உச்சி தோளைவிடச் சில அங்குலம் மேலே நிற்க வேண்டும். தோள்வாரின் மேலிருந்து பிரேமுக்குப் போகும் சிறு வார் 30 முதல் 45 பாகை சாய்வில் இருந்தால்தான் சுமையைத் தோளிலிருந்து தூக்கும். அது கிடைமட்டமாகக் கிடந்தால் பிரேம் குட்டை என்று அர்த்தம், எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

இடுப்புப் பட்டையை முழுக்க இறுக்கிய பிறகும் முன்பக்கப் பஞ்சுகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். ஒரு வார வேட்டையில் இடுப்பு சுருங்கும். பஞ்சுகள் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தால் மேலும் இறுக்க இடமிருக்காது, பட்டை வழுக்கி இறங்கும். சுமை முழுக்கத் தோளில் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் உள்ள இந்தியக் கடையில் கிடைக்கும் 20 பவுண்டு அரிசி மூட்டை மூன்றைக் கட்டினால் 27 கிலோ. அரிசியும் எலும்பெடுத்த கறியைப் போலவே சரிந்து அடியில் தேங்கும் என்பதால் சோதனைக்குத் தண்ணீர்க் கேனைவிட இதுவே பொருத்தம். ஒரு மணி நேரம் படியேறி இறங்குங்கள். இடுப்பெலும்பில் ஒரே புள்ளி எரிந்தாலோ விரல் மரத்தாலோ அளவு தவறு.

கொள்ளளவு: ஒரு நாள் வேட்டைக்கு 40 லிட்டர் போதும், ஐந்தாறு நாளுக்கு 80 முதல் 100. பெரிய பையை வார்களால் சுருக்கிக் கட்ட முடியும், சின்னப் பையை நீட்ட முடியாது. துணி 500 டெனியர் (நூலின் தடிமன் அளவு) கார்டுரா என்னும் முரட்டு நைலான் என்றால் முள்ளுக்கும் பாறைக்கும் தாங்கும். பூச்சுப் பூசிய மொடமொடப்பான துணிகள் இலேசு, ஆனால் கிளையில் உரசினால் மானுக்குக் கேட்கும். மாற்று பக்கிள் இரண்டு பையில் கிடக்கட்டும், குளிரில் பிளாஸ்டிக் எளிதில் உடையும்.

கறியை ஏற்றுவது

வெட்டிய கறி முதலில் காற்றுப் போகும் துணிப் பையில் நிழலில் தொங்கி ஆற வேண்டும். சூட்டோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் எலும்பை ஒட்டிய இடத்திலிருந்து கெடத் தொடங்கும். எலும்பை எடுத்தால் நடைக்குச் சில கிலோ மிச்சம். ஆனால் கறி தொளதொளவென்றாகி அடியில் இறங்கும். துணிப் பையைக் கறிக்கு மேலேயே இறுக்கி முடிச்சிட்டு உருண்டையாக்குங்கள். கொலராடோவில் மான் ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் ஒரு பெரிய துண்டில் இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும், அதை நறுக்கிவிடாதீர்கள்.

உருண்டையின் எடை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி நிற்கட்டும். அடியில் தூக்கப் பை போன்ற இலேசானதை வைத்துக் கறியை மேலே தூக்கலாம். முதலில் அடி வார், பிறகு பக்க வார்கள், கடைசியில் மேல் வார் என்று இறுக்குங்கள். பத்து நிமிடம் நடந்ததும் நின்று எல்லாவற்றையும் மறுபடி இறுக்கியே ஆக வேண்டும், கறி அதற்குள் அமுங்கியிருக்கும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். பையை மேட்டுப் பக்கம் சாய்த்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து தோள்வாரை மாட்டுங்கள். உருண்டு முழங்காலுக்கு வந்து, ஊன்றுகோலால் எழுங்கள். பிறகு இறுக்கும் வரிசை: இடுப்புப் பட்டை முதலில், தோள்வார் அடுத்து, மேல் சிறுவார் பிறகு, மார்பு வார் கடைசி. நின்றபடியே தூக்கி வீசி மாட்டினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

கொம்பைக் கட்டினால் அதன் மேல் ஆரஞ்சுத் துணி சுற்றுங்கள். துப்பாக்கிப் பருவத்தில் கொலராடோ கேட்கும் 500 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சை முதுகில் இருக்கும் பை மறைத்துவிடும், ஆகவே பையின் மேலும் ஆரஞ்சு வேண்டும். அலாஸ்காவில் கறி முழுக்க வெளியேறும் வரை கொம்பைத் தூக்கிப் போகக் கூடாது. கிரிஸ்லி கரடி உள்ள வயோமிங், மொன்டானா பகுதிகளில் கரடியை விரட்டும் காரத் தெளிப்பான் இடுப்புப் பட்டையிலேயே தொங்கட்டும். இரண்டாவது நடைக்குத் திரும்பும்போது மிச்சக் கறி தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும்படி, குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளித் தொங்கவிட்டிருக்க வேண்டும்.