வன்னியில் உயர்தரத்தைத் தாண்டுவது எப்படி: என் பச்சைக் கொப்பியிலிருந்து

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை அப்பா எனக்கு ஒரு பச்சை மட்டைக் கொப்பி வாங்கித் தந்தார். அவர் தந்தது கணக்குச் செய்ய, நான் எழுதியதோ நாட்குறிப்பு. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இரண்டு கட்டை தள்ளி எங்கள் ஊர். பல்கலைக்கழகம் போக எழுதுகிற உயர்தரப் பரீட்சைக்கு நான் எடுத்தது கணிதப் பிரிவு. இந்த வருடம் தங்கச்சி உயர்தரத்துக்குப் போகிறாள் என்று கொப்பியைத் தேடி எடுத்தேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் குறிப்பு: "தை 9. பஸ் வரவில்லை. எருமைகள் வந்தன."

அதனால் பாட அட்டவணை போடுவதற்கு முன் பஸ் அட்டவணை போடுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது தேவையில்லை, உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று இரண்டு கிழமை எழுதிப் பாருங்கள். எனக்கு ஒரு நாளில் இரண்டரை மணித்தியாலம் வீதியிலேயே போனது. ஞாயிறுகளில் கிளிநொச்சிக்கு ரியூசன். முறிகண்டியில் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏற எப்படியும் பத்து நிமிடம். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் 50 பல்தேர்வு வினாவுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஆகவே முறிகண்டிக்கு நான்கு வினா. ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். கும்பிட்டுவிட்டுச் செய்யுங்கள், அதுவும் முக்கியம்.

அடுத்தது நெல். காலபோக வெட்டு முடிந்து நெல் காயப் போட்டால், மாடு வந்து தின்னாமல் பார்க்கிற வேலை எந்த வீட்டிலும் படிக்கிற பிள்ளைக்குத்தான் வரும், "சும்மாதானே இருந்து படிக்கிறாய், அங்கே இருந்து படி" என்பார்கள். சண்டை பிடிக்க வேண்டாம், ஆனால் எதைக் கொண்டுபோய்ப் படிப்பது என்று யோசியுங்கள். "மாசி 20. தொகையீடு செய்தேன். மாடு மூன்று முறை வந்தது. கணக்கு நான்கு முறை தொடங்கினேன்." மறுநாள் அசேதன இரசாயனம் கொண்டு போனேன், எவ்வளவு நிம்மதி! தடியோடு ஓடித் திரும்பி வந்தாலும் செப்பு சல்பேற்று நீலமாகவே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. எங்களுக்கு இணைந்த கணிதம் படிப்பித்த சேர் இடமாற்றத்தில் போய்விட்டார், ஒன்றரைத் தவணைக்கு வேறு ஆள் வரவில்லை. வன்னியில் இது பலருக்கும் நடக்கும். அப்படி நடந்தால் அழுது முடித்த கையோடு கடந்தகால வினாத்தாளையும் அதன் புள்ளியிடும் திட்டத்தையும் தேடுங்கள். விடை சரியா என்பதோடு நிற்காமல், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று அதில் இருக்கும், ஆசிரியர் இல்லாத இடத்தில் அதுதான் ஆசிரியர். ஒரு நண்பியைப் பிடியுங்கள், அவள் தாளை நீங்கள் திருத்துங்கள், உங்கள் தாளை அவள் திருத்தட்டும், இரக்கம் காட்டக் கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். என் நண்பி கொஞ்சமும் காட்டவில்லை. மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன், நான்காம் நாள் தாளை விரித்துப் பார்த்தால், "விசைகளைக் குறிக்கவில்லை" என்று சிவப்பு மையில் ஏழு இடம். அதன் பிறகு ஒரு கணக்கிலும் நான் விசைகளைக் குறிக்காமல் விட்டதில்லை.

நேரத்தையும் அப்படியே பழகுங்கள். இணைந்த கணிதத்தில் ஒரு தாளில் பகுதி அ இல் 10 வினாவும் கட்டாயம், தலா 25 புள்ளி. பகுதி ஆ இல் 7 இல் 5, தலா 150. மொத்தம் 1000 புள்ளி, 3 மணித்தியாலம். புள்ளிக்கு ஏற்ற மாதிரிப் பிரித்தால் அ பகுதிக்கு 45 நிமிடம், ஆ பகுதி வினா ஒவ்வொன்றுக்கும் 27 நிமிடம். மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் எந்த ஐந்து என்று முடிவெடுத்துவிடுங்கள்.

நித்திரை: இரவு பத்தரைக்குப் படுங்கள், நாலரைக்கு எழும்புங்கள், வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் போதும்.

சொந்தக்காரர். வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு மாமி, "இசட் புள்ளி எவ்வளவு எடுப்பாய்?" என்று கேட்டா, பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கோபப்படாமல் விளக்குங்கள், விளக்கும்போது உங்களுக்கும் தெளியும்: எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதுதான் அது, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பது அதை வைத்துத்தான். பெரும்பாலான துறைகளில் இருக்கிற இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நல்ல ரியூசனுக்காக வேறு மாவட்டத்துப் பாடசாலைக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மழை. நான் பரீட்சை எழுதியது ஆவணியில், அப்போது சோளகக் காற்றுக்கு வினாத்தாளைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2024 இல் நவம்பர் 25 இல் தொடங்கிய பரீட்சை இரண்டு நாளில் வெள்ளத்தால் நின்று டிசம்பர் 4 இல்தான் மறுபடி தொடங்கியது, அடுத்த வருடம் டிட்வா புயல். மழைக்காலத்தில் உங்கள் பரீட்சை வந்தால் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றுங்கள், குளம் வான் பாயும் பக்கத்தில் வீடு என்றால் பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்கார வீட்டில் முதலே சொல்லி வையுங்கள். அந்த மாமி வீடாக இருந்தாலும் சரி.

கடைசிப் பேப்பர் முடிந்த அன்று நித்திரை கொள்ளுங்கள். மறுநாள் உங்கள் குறிப்புகளையும் திருத்திய தாள்களையும் கட்டி, அடுத்த வருடம் எழுதப்போகும் பிள்ளை ஒன்றின் கையில் கொடுங்கள். நான் ஒரு மாதம் பிந்திவிட்டேன், பௌதிகவியல் முழுவதையும் கறையான் தின்றுவிட்டது.