உப்புத் தண்ணீர்க் கொல்லைக்குச் சுண்டை வேர்க் கத்திரி

வேதாரண்யம் பக்கம் எங்கள் மணல் கொல்லையில் பங்குனி பிறந்தாலே போர்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிடும். கத்திரி இலையின் ஓரம் முதலில் கருகும், அப்புறம் பூ கொட்டும். கத்திரி உப்பை அவ்வளவாகத் தாங்காது. மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றின் மின்கடத்தல் அளவு (உப்பு கூடக் கூட இது ஏறும்) மீட்டருக்கு 1.1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கும். தக்காளி 2.5 வரை பொறுக்கும்.

அதனால்தான் வேருக்குச் சுண்டை, மேலுக்குக் கத்திரி என்று ஒட்டுக் கட்டுகிறேன். உப்பில் இருக்கும் சோடியமும் இலையைக் கருக்கும். சுண்டை வேர் அதில் ஒரு பங்கைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது, தண்டுக்கு ஏறுவது குறைகிறது. வாடல் நோயும் நூற்புழுவும் குறைவது கூடுதல் லாபம்.

சுண்டை விதை மெதுவாக முளைக்கும், நாற்றும் மெதுவாகவே வளரும். அதனால் கத்திரிக்கு ஒரு மாதம் முன்னாலேயே குழித்தட்டில் போட்டுவிடுங்கள். இரண்டு தண்டும் தீக்குச்சிப் பருமனுக்கு வந்ததும் கட்டலாம். புது பிளேடு எடுத்து, சுண்டையை இரண்டு இலைக்கு மேலே வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் பிளந்துகொள்ளுங்கள். கத்திரி நுனியின் பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, அடியை ஆப்பு போல இருபுறமும் சீவிச் செருகி, கிளிப் போடுங்கள். ஒரு பக்கமாவது தோலோடு தோல் ஒட்டியிருக்க வேண்டும்.

இனி வரும் ஒரு வாரம்தான் எல்லாமே. பிளாஸ்டிக் தாள் மூடிய சின்னக் கூண்டுக்குள் தட்டை வைத்து, முதல் இரண்டு நாள் இருட்டாக வைத்திருங்கள். உள்ளே தாளில் நீர் பனித்து நிற்க வேண்டும், ஆனால் வெட்டுவாயில் தண்ணீர் படக்கூடாது. முதல் முறை, ஒட்டியதா என்று பார்க்கும் ஆவலில் மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தாளைத் தூக்கினேன். ஒரு தட்டு நாற்று அப்படியே துவண்டுவிட்டது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நான்காம் நாளிலிருந்து காலை மாலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். பத்து நாளில் வெளிக்காற்றுக்குப் பழகிவிடும்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் நிற்கட்டும், மண் அணைக்க வேண்டாம். கத்திரித் தண்டு மண்ணைத் தொட்டு வேர்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒட்டினால் மண்ணிலிருக்கும் உப்பு போய்விடாது. சொட்டுநீரும் வைக்கோல் மூடாக்கும் இல்லாமல் நான் நடுவதே இல்லை. ஒட்டுக்குக் கீழே சுண்டை துளிர்க்கும், அகன்ற இலையும் முள்ளுமாகத் தனியே தெரியும். வாரம் ஒருமுறை குனிந்து பார்த்துக் கிள்ளிவிடுங்கள்.