வாசலில் ஒரு கொக்கி, சுவரில் ஒரு தினக் காலண்டர்: பெரியவர்களின் ஏடிஹெச்டியோடு சென்னையில் அன்றாடம்

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) உள்ள ஒரு பெரியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். கரண்ட் பில் கட்ட வேண்டும், அம்மாவின் மாத்திரை வாங்க வேண்டும், பத்தரை மணி மீட்டிங்குக்கு ஒன்பதுக்கே கிளம்ப வேண்டும். எல்லாம் தெரியும். செய்ய வேண்டிய அந்த நிமிடத்தில்தான் அது மனதில் இருக்காது. "இனிமேல் கவனமா இருப்பேன்" என்று சபதம் எடுத்துப் பயனில்லாமல் போவது இதனால்தான். வேலையை நினைவூட்டும் பொருள் தலைக்குள் இருக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்திலேயே, கண்ணில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

முதலில் டாக்டர்

இணையத்தில் கேள்வித்தாளை நிரப்பி "எனக்கு இருக்கிறது" என்று முடிவுகட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட சுயபரிசோதனைத் தாள் ஒன்று உண்டு. அதில் முதல் 6 கேள்விகளில் 4 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்பதுதான் அர்த்தம். உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை கொடுக்கின்றனவா என்று மருத்துவர் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்ற இரண்டு பட்டியலில் ஏதாவது ஒன்றில் 5 அறிகுறிகள் போதும், குழந்தைகளுக்கு 6.

அதனால் போகும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். "படிப்பான், ஆனால் கவனம் இல்லை", "வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள்" என்று டீச்சர் எழுதிய ஒற்றை வரி மருத்துவருக்குப் பெரிய உதவி. சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. பெண்களுக்கு இது பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. ஓடி ஆடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் குழந்தையை "அமைதியான பொண்ணு" என்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள்.

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். மருத்துவர் இவற்றைச் சோதிக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், ராஜீவ் காந்தி, ஸ்டான்லி போன்ற அரசு பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன. உளவியல் நிபுணர் பரிசோதித்து அறிக்கை தரலாம், பேச்சு சிகிச்சை தரலாம். மாத்திரை எழுத மனநல மருத்துவர்தான் வேண்டும்.

மாத்திரையில் எங்கே தவறுகிறது

இரண்டு மருந்துகளின் பெயர் அடிக்கடி காதில் விழும். மெத்தில்பெனிடேட் சாப்பிட்ட அன்றே வேலை செய்யும். சாதாரண வகை சுமார் 4 மணி நேரம், மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம். அட்டோமாக்ஸெடின் அப்படியல்ல. தினமும் சாப்பிட்டு 4 முதல் 6 வாரம் ஆன பிறகே பலன் தெரியும். பலர் இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகலை, வாந்தி வர்ற மாதிரிதான் இருக்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டல் அதிகமாகலாம். டிபனுக்குப் பிறகு சாப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கலக்கக் கூடாது, கண்ணில் பட்டால் எரியும். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடினோ பராக்ஸெடினோ ஏற்கெனவே சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அவை அட்டோமாக்ஸெடினின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். இதய நோய், ரத்த அழுத்தம், கண் அழுத்தம், கர்ப்பம், குடும்பத்தில் சிறு வயதுத் திடீர் மரணம் எது இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

மெத்தில்பெனிடேட் பசியை அடக்கும். காலையில் நாலு இட்லியோ இரண்டு முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் பிறகு போடுங்கள்; மதியம் பசிக்காவிட்டாலும் தயிர் சாதமாவது நேரம் வைத்துச் சாப்பிடுங்கள். "மாத்திரையோட பலன் இறங்கும்போது எரிச்சலா வருது" என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் காலையிலிருந்து பட்டினி. முதல் சில வாரம் ஃபில்டர் காபியை ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். காபியும் மாத்திரையும் சேர்ந்தால் படபடப்பு வரும், பழி மாத்திரை மேல் விழும். மாத்திரையை நாளின் பிற்பகுதியில் சாப்பிட்டால் தூக்கம் கெடும்.

மெத்தில்பெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தெருமுனை மெடிக்கலில் பெரும்பாலும் இருக்காது. பெரிய கடைக்குப் போன் செய்து இருப்பு கேட்டுவிட்டுப் போங்கள். 10 மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு தொடங்குங்கள். ஆபீஸ் நண்பர் கேட்டாலும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம், அவருக்கும் ஆபத்து.

புது மருந்து தொடங்கியபின் உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தினக் காலண்டர் என்னும் ஆயுதம்

புத்தாண்டுக்கு நகைக்கடையும் மளிகைக்கடையும் தரும் தாள் கிழிக்கும் காலண்டரைவிட இந்தக் குறைபாட்டுக்குப் பொருத்தமான கருவி குறைவு. செல்போன் நாட்காட்டியைத் திறந்தால் ஒரு மாதமும் அதோடு நாலு செய்தியும் கண்ணில் படும். தினக் காலண்டரில் இன்று மட்டும் தெரியும்.

அந்தந்தத் தேதித் தாளில் முன்கூட்டியே எழுதுங்கள். மருந்து தீரும் தேதிக்கு 10 நாள் முந்தைய தாளில் "மெடிக்கலுக்குப் போன்". வண்டி இன்ஷூரன்ஸ் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு ஒன்று. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். அந்தந்த மாதத்தின் முதல் வாரத் தாளில் எழுதினால் சீக்கிரம் கட்டுபவர்களுக்கான தள்ளுபடியும் கிடைக்கும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை நூலில் கட்டி அதே ஆணியில் தொங்கவிடுங்கள். பேனா தேடப் போனால் வேலை அங்கேயே முடிந்தது. பூஜை அறையில் மாட்டாதீர்கள். காலையில் பல் தேய்க்கும் இடத்துக்கும் காபி குடிக்கும் இடத்துக்கும் நடுவில் மாட்டுங்கள்.

வாசல், அடுப்பு, மோட்டார்

நிலைக்கதவின் உள்பக்கம், கண் உயரத்தில் ஒரே ஒரு கொக்கி. சாவிக்கொத்து அதில். கீழே ஒரு ஸ்டூல்: பர்ஸ், ஐடி கார்டு, ஹெல்மெட், டிபன் பாக்ஸ். நாளைக்கு எடுத்துப்போக வேண்டியதை ராத்திரியே ஸ்டூலில் வையுங்கள். பிரிட்ஜில் வைக்க வேண்டிய பொருள் என்றால், சாவியையும் பிரிட்ஜில் அதன் மேலேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே. அழகான மூடி போட்ட பெட்டி, இழுப்பறை எதுவும் இங்கே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பொருள் உங்களுக்கு இல்லாத பொருள்.

பால் பொங்கி வழிகிறதா? விசில் வைத்த பால் குக்கர் வாங்குங்கள். அதிலும் ஒரு மறதி உண்டு: இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் விசில் வராது, பாத்திரம் தீயும். கழுவியபின் விசிலைக் கழற்றியே வைத்தால், மறுபடி அதைப் பொருத்தும்போது தண்ணீர் நினைவுக்கு வரும். நேரம் வைத்தால் தானே அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னும் பாதுகாப்பு.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து மொட்டைமாடி அருவியாகிற வீட்டுக்கு, டேங்க் நிரம்பினால் நிற்கும் ஆட்டோமேடிக் கன்ட்ரோலரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். போர் தண்ணீரின் உப்பு சென்சாரில் படிந்து சில மாதத்தில் அது ஏமாற்றும்; தொட்டி கழுவும் அன்றே அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் நேரம்

மூன்று நாள், குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் ஆகும் நிமிடங்களைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். "பத்து நிமிஷம்" என்று நினைத்தது இருபத்தைந்தாக இருக்கும். பிறகு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கிண்டி ஆபீசில் 9.30க்கு இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து ரயிலுக்கு அரை மணி, ஸ்டேஷனிலிருந்து நடக்க 15, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 15, ரயில் தவறினால் அடுத்ததற்கு 10. ஆக 8.20க்குக் கதவைப் பூட்ட வேண்டும். அலாரம் 9.30க்கு வேண்டாம். 7.30க்கு "குளி", 8.05க்கு "செருப்பு", 8.20க்கு "கதவு" என்று பெயர் வைத்து மூன்று போதும். பத்து அலாரம் வைத்தவருக்குப் பத்துமே கேட்காமல் போகும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி ஒலியை மாற்றுங்கள்.

வேலையைத் தொடங்குவது

"ரிப்போர்ட் முடிக்கணும்" என்று எழுதினால் தொடங்கவே மாட்டீர்கள். "ஃபைலைத் திற, தலைப்பை டைப் செய்" என்று 2 நிமிட வேலையாக எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே பலருக்கு வேலை நகர்கிறது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. இடைவேளையில் போனைத் தொடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், படி இறங்கி ஏறுங்கள். ஐந்து நிமிட ரீல்ஸ் ஐம்பது நிமிடமாகும்.

பணம்

சம்பளம் வரும் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். வாடகையும் தவணையும் அங்கிருந்து தானாகப் போகட்டும். இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, திங்கள்தோறும் அந்த வாரச் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள், யுபிஐ அதில். கிரெடிட் கார்டுக்கு "குறைந்தபட்சத் தொகை" என்பதை விட்டு முழுத்தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால்தான் மறக்கிறது. எஸ்எம்எஸ் வந்தவுடன், அதை மூடுவதற்கு முன்பே கட்டுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது

"சோம்பேறி", "அக்கறையே இல்லை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதுதான் ஆழமான காயம். ஏடிஹெச்டி என்று பெயர் சொல்லி விளக்குவதைவிட வேண்டியதைக் கேளுங்கள்: "அம்மா, நீ சொல்றது காதுல விழுது. அடுத்த ரூமுக்குப் போறதுக்குள்ள போயிடுது. பிரிட்ஜ் மேல எழுதி ஒட்டிடும்மா, செஞ்சிடறேன்." மனைவியையோ கணவரையோ நினைவூட்டும் வேலைக்கு வைக்காதீர்கள், சில மாதத்தில் அவர் டீச்சர், நீங்கள் மாணவர் என்றாகிவிடும். ஞாயிறு சாயங்காலம் 20 நிமிடம் இருவரும் காலண்டர் முன் நின்று வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஏற்பாடும் சில வாரத்தில் பழகிப்போய்ச் சுவரோடு சுவராகிவிடும். புதுமை போனதும் இந்த மூளை அதைப் பார்ப்பதை நிறுத்துகிறது. ஏற்பாடு தப்பு என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடத் தேவையில்லை. காலண்டரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள், பேனாவின் நிறத்தை மாற்றுங்கள். பத்து நாளாகத் தாள் கிழிக்கவில்லையா? பத்தையும் சேர்த்துக் கிழித்து, கையில் வைத்து ஒரு பார்வை பாருங்கள். இன்னும் செய்ய வேண்டியது இருந்தால் நாளைத் தாளில் எழுதுங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள்.