திருகோணமலைப் பயணமும் முடி நடுகையும்

விடுமுறைக்குப் போகிற வழியில் சென்னையிலோ கொழும்பிலோ முடி நட்டுக்கொண்டு திருகோணமலைக்கு வரலாம் என்று எண்ணும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஊரைப் பார்த்து முடியுங்கள்; சிகிச்சை திரும்பும் வழியில் இருக்கட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதி, வெயிலோ கடுமை. நட்ட இடத்தில் பொருக்கு உதிரவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். நிலாவெளியில் கடல் குளிக்க ஏறத்தாழ ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரையும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றாமல் யாரால் திரும்ப முடியும்? ஆறாத புண்ணில் அது ஆகாது. கோணேசர் மலையேறும்போதும் உச்சி வெயில் நேரே மண்டையில்தான் இறங்கும்.

இதைவிடப் பெரிய விடயம் பின்மண்டை. நடுவதற்கான முடி அங்கிருந்துதான் வருகிறது; எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வெள்ளையரின் பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீற்றருக்குச் சுமார் 200 முடி என்றால், ஆசிய ஆண்களுக்குச் சுமார் 170 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம்மவர்களிடையே ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். ஆகவே ஐரோப்பிய நண்பருக்கு எடுத்த அளவை உங்களுக்கும் எடுப்பதாக ஒருவர் சொன்னால், அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள். உருப்பெருக்கிக் கமராவைப் பின்மண்டையில் வைத்து எண்ணச் சில நிமிடங்கள் போதும். புகைப்படத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கை சொல்லும் இடத்தில் முற்பணம் கட்டாதீர்கள். இருப்பதில் பாதிக்கு மேல் எடுத்தால் பின்பக்கம் வெளிறித் தெரியும். இருபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் முன்நெற்றிக்கே செலவழித்தால், நாற்பதில் உச்சி வழுக்கையாகும்போது எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆறுதலும் உண்டு. தடித்த முடி குறைந்த எண்ணிக்கையிலேயே கூடுதல் இடத்தை மறைக்கும். மாநிறத் தோலில் கருமுடி நடும்போது இடைவெளியும் அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது.

நேர்த்திக்கோ பெற்றோரின் இறுதிக் கிரியைக்கோ மொட்டை போடும் குடும்பமென்றால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் முறையில் நீளத் தழும்பு விழும். ஒவ்வொன்றாக எடுக்கும் முறையில் வெண்புள்ளிகள் தங்கும். மொட்டையில் இரண்டும் தெரியும். காயம் தடித்துத் தழும்பாகும் உடம்பென்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் முளைவிடும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும்.