இங்கிலாந்து மன்னர்களின் மணத்துக்குப் புறம்பான பிள்ளைகள்: பட்டம் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மன்னர் "என் பிள்ளைதான்" என்று ஏற்றுக்கொண்டது, பட்டம் கொடுத்தது, சட்டம் அந்தப் பிள்ளையை முறைப்படி பிறந்தவராக்கியது, அரியணைக்கு உரிமை வந்தது: இவை நான்கும் வெவ்வேறு. பெரும்பாலான பிழைகள் இவற்றை ஒன்றாகக் குழப்புவதால் வருபவை.

எட்டாம் ஹென்றியின் மகன் ஹென்றி ஃபிட்ஸ்ராயை எடுத்துக்கொள்ளுங்கள். 1519இல் பிறந்தவர், 1525இல், ஆறு வயதில், ரிச்மண்ட் மற்றும் சாமர்செட் டியூக் (டியூக் என்பது பிரபுப் பட்டங்களில் உயர்ந்தது) ஆனார். இரட்டை டியூக் என்றாலும் அவரை 'இளவரசர்' என்று எழுதுவது தவறு. வாரிசு வரிசையில் அவருக்கு இடமே கிடையாது. இதற்கு நேர்மாறான நிலை அவருடைய சகோதரிகளுக்கு. மேரியும் எலிசபெத்தும் முறையற்ற பிறப்பினர் என்று அறிவிக்கப்பட்டவர்கள். 1543–44 வாரிசுரிமைச் சட்டம் அந்த அறிவிப்பை நீக்காமலேயே அவர்களை வரிசையில் சேர்த்தது. இருவரும் அரசிகளாகவும் ஆனார்கள்.

போஃபர்ட் குடும்பம் இன்னும் சிக்கலானது. மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட் 1396இல் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டை மணந்தார். அதற்கு முன்பே அவர்களுக்குப் பிறந்திருந்த போஃபர்ட் பிள்ளைகளைப் போப்பும், 1397இல் நாடாளுமன்றமும் முறைப்படுத்தின. 'அரச பதவி நீங்கலாக' என்ற சொற்கள் அந்தச் சட்டத்தில் இல்லை. 1407இல் நான்காம் ஹென்றி அதை உறுதிசெய்தபோதுதான் அவை நுழைந்தன. 1397லேயே அரியணை மறுக்கப்பட்டது என்று எழுதுவது ஆண்டுக் கணக்கில் மட்டும் வரும் பிழையல்ல. நாடாளுமன்றம் சொன்னதை மன்னர் தாமாகத் திருத்த முடியுமா என்ற வாதமே அதோடு காணாமல் போய்விடும். ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் இந்தக் குடும்பத்துப் பெண்.

அடுத்தது, மகன் அப்பாவின் பட்டத்தை 'மரபுவழி பெற்றார்' என்று எழுதுவது. பெறவே முடியாது. ஒவ்வொரு பட்டமும் புதிய அரச பட்டயத்தால் உருவாக்கப்பட்டது. இரண்டாம் சார்லஸின் மகன்களுக்கு மான்மத் 1663இலும், ரிச்மண்ட், கிராஃப்டன் 1675இலும், செயின்ட் ஆல்பன்ஸ் 1684இலும் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்தப் பட்டங்கள் முறைப்படி பிறந்த ஆண் வழிக்கே செல்லும். மணத்துக்குப் புறம்பான பேரனுக்குக் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதை வாசகருக்கும் காட்டுங்கள். அந்த வழியை மாற்ற வேண்டுமென்றால் பட்டயத்திலேயே சொல்லியாக வேண்டும். 1670இல் இரண்டாம் சார்லஸின் காதலி பார்பரா பாமரைக் கிளீவ்லாந்து டச்சஸ் ஆக்கியபோது, அவருக்குப் பின் அவருடைய மகன் சார்லஸ், அந்த மகன் வழி அற்றால் இன்னொரு மகன் ஜார்ஜ் என்று பட்டயத்தில் தனியே குறித்தார்கள்.

ஒரே பெயரில் ஏமாறாதீர்கள். 1525இன் ரிச்மண்ட் பட்டம் 1536இல் ஃபிட்ஸ்ராய் பிள்ளையின்றி இறந்தபோது முடிந்துவிட்டது. இன்றைய ரிச்மண்ட் டியூக் 1675இல் உருவான பட்டத்தின் வழியில் வந்தவர். பட்டத்தின் பெயரோடு உருவான ஆண்டையும் எழுதினால் இந்தத் தொல்லை இராது.

இரண்டாம் சார்லஸின் மகன் மான்மத் டியூக் 1685இல் தலை வெட்டப்பட்டார், ஆகவே அவரது பட்டங்கள் எல்லாம் போயின என்பதும் பாதி உண்மைதான். மான்மத் பட்டம் பறிபோனது. அவருடைய இன்னொரு பட்டமான பக்லூ, அவர் மனைவி ஆனுக்குச் சொந்த உரிமையிலும் இருந்ததால் தப்பியது. பேரன் வழியாக இன்றும் தொடர்கிறது.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. 'ஃபிட்ஸ்' என்று தொடங்கும் பெயரெல்லாம் அரசப் பிள்ளைகளுடையது அல்ல; ஃபிட்ஸ்ஜெரால்டுகள் நல்ல எடுத்துக்காட்டு. மணத்துக்குப் புறம்பான பிறப்பைக் காட்டும் குறுக்குக் கோல் குலச்சின்னத்தில் எப்போதும் இருக்கும் என்பதும் தவறு. கிராஃப்டன் சின்னத்தில் இடப்புறச் சாய்வாகக் கோல் உண்டு. ரிச்மண்ட் சின்னத்தில் கோலே கிடையாது, வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி வரும், ரோஜாக்கள் பொறித்த கரைதான்.

நான்காம் வில்லியமின் மகன் ஜார்ஜ் ஃபிட்ஸ்கிளாரன்ஸ் 1831இல் மன்ஸ்டர் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் பெற்றார். அவருடைய தம்பி தங்கைகளுக்குக் கிடைத்தது மார்க்விஸின் (டியூக்குக்கு அடுத்த நிலைப் பிரபுவின்) இளைய பிள்ளைகளுக்குரிய அந்தஸ்து மட்டுமே. தம்பிகள் பெயருக்கு முன் 'லார்ட்' இருக்கிறதே என்று அவர்களைப் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

பெற்றோர் பின்னால் மணந்தால் பிள்ளை முறைப்படி ஆகலாம் என்று இங்கிலாந்தில் 1926இல் வந்த சட்டமும் பட்டங்களுக்குப் பொருந்தாது. பட்ட வாரிசுரிமையை அந்தச் சட்டமே விலக்கி வைத்துவிட்டது.