மலைப்பாதையில் ஜீப் முறிந்தால் பேட்டரி வெல்டிங்

நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரே பக்கமோ தோட்டத்துக் கல்ரோட்டிலோ ஜீப்பில் ஒரு பிராக்கெட் முறிந்தால் கராஜ் பக்கத்தில் இருக்காது. ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, கூட வந்த வண்டிகளின் 12 வோல்ட் பேட்டரி மூன்றைக் கழற்றித் தொடராக இணைப்பது லேசு. 36 வோல்ட்டில் 3.2 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு நன்றாகவே எரியும். இரண்டுதான் இருக்கிறதா, சரி, 2.5 ராடு போதும். கனமான ஜம்பர் வயர், வெல்டிங் மாஸ்க், கையுறை கட்டாயம். பேட்டரிகளைத் தீப்பொறி எட்டாத தூரத்தில் வையுங்கள், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

நம்ம ஊர் மூடுபனிக்கு ராடு சீக்கிரம் ஈரமாகிவிடும். அப்புறம் ஒட்டிக்கொண்டே இருக்கும், வெல்டிங் பண்ணிய இடத்திலும் ஓட்டை விழும். இறுக்கமாக மூடும் டின்னில் வையுங்கள். ஸ்பிரிங் பட்டையை மட்டும் வெல்டிங் பண்ணாதீர்கள், பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.