எந்த வயர் எதற்கு? வீட்டுக் கேபிள்களைச் சோதித்து அடையாளம் கட்டும் முறை

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. காட்டோரத்தில் ஒரு பாலைக் கொப்பு முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், மாங்குளத்துக்கு உட்புறமுள்ள ஊர்கள் இருண்டுவிடும். திரும்பி வரும் மின்சாரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் தெரியாது. கிடைக்கும் நேரத்துக்குள் வீட்டிலுள்ள போன்கள் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். குளத்தின் வான்கதவைத் திறக்கிறார்கள் என்ற அறிவித்தல் அதில்தான் வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அதில்தான் கூப்பிடுகிறான்.

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் நான் கேபிள்களைக் கவனிக்கத் தொடங்கினேன். அதே சார்ஜர், அதே போன். ஒரு வயரில் மளமளவென்று ஏறியது, இன்னொன்றில் எறும்பு ஊர்வதுபோல ஏறியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மனதை வருத்தியது. எங்கள் மாமியின் பழைய போனில் அவருடைய தகப்பனாரின் படங்கள் இருந்தன. 2009இல் வீட்டையும் அல்பங்களையும் விட்டு ஓடிவந்த குடும்பம் அது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் அனுப்பிய அந்த நாலைந்து படங்கள்தான் மிச்சம். கணினியில் போனைச் செருகினால் சார்ஜ் ஏறியது, படங்கள் வரவில்லை. போன்தான் பழுது என்று ஒரு கடையில் சொல்ல, மாமி திருத்தக் காசும் கொடுத்துவிட்டார். பழுது போனில் இல்லை. அந்த வயருக்குள் தரவு கொண்டுபோகும் கம்பியே இருக்கவில்லை. வேறு வயரைச் செருகியதும் சில நிமிடங்களில் படங்கள் கணினிக்கு வந்துவிட்டன. மாமி அழுதார்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். கேபிளின் தோற்றம், தடிப்பு, விலை எதையும் நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்து அடையாளம் கட்டிவிடலாம். வேண்டியவை ஒரு போன், ஒரு நல்ல சார்ஜர், ஒரு கணினி, ஒரு கொப்பி, ஒரு பேனா, கொஞ்சம் நிற நூல். சொந்தக் கணினி இல்லாவிட்டால் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையில் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

1. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தல்

அலுமாரி, மேசை லாச்சி, மோட்டார் சைக்கிள் பெட்டி, சாமியறை மின்குமிழுக்குப் பக்கத்து ஆணி என்று வயர் தொங்கும் இடங்களிலிருந்தெல்லாம் கொண்டுவந்து பாயில் பரப்புங்கள். உறை கிழிந்து செம்பு தெரிகிறவை, தலை கருகியவை, முனை ஆடுகிறவை ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவற்றைச் சோதிக்கவும் வேண்டாம்.

அடுத்து போனின் துவாரத்தைப் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதி அதற்குள் போய் இறுகிவிடும், பிறகு எந்த வயரும் சரியாக உட்காராது. வயரில் பிழை என்று நினைத்த எத்தனையோ பேருடைய போன்களில் நான் கண்டது இந்தப் புழுதியைத்தான். போனை நிறுத்திவிட்டு, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மெல்லியதாகச் சீவி மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசியோ பின்னோ ஒருபோதும் வேண்டாம்.

2. தலையைப் பார்த்துப் பிரித்தல்

அகலமான, ஒரு பக்கமாக மட்டும் செருகக்கூடிய தலை யூஎஸ்பி ஏ. மேலே அகன்று கீழே ஒடுங்கியது மைக்ரோ யூஎஸ்பி. எந்தப் பக்கமும் செருகக்கூடிய முட்டை வடிவத் தலை ரைப் சி. இதன் விதிமுறை 2014இல் வெளியானது. ஐபோன்களில் 2012 முதல் இருந்தது லைட்னிங். 2023இல் வந்த ஐபோன் 15இலிருந்து அவையும் ரைப் சிக்கு மாறிவிட்டன.

ஏ தலைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். நான்கு பித்தளைத் தகடுகள் மட்டும் இருந்தால் அது பழைய வேகம், அதாவது யூஎஸ்பி 2. உள்ளே இன்னொரு வரிசையில் ஐந்து தகடுகள் சேர்ந்து ஒன்பது இருந்தால் வேகமான யூஎஸ்பி 3. உள்நாக்கு நீலமாக இருப்பதும் பெரும்பாலும் அதற்கு அடையாளம். ரைப் சி தலையில் இப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. முழுதாகப் பொருத்தினால் 24 முனைகள் கொள்ளும் தலை அது. ஆனால் யூஎஸ்பி 2 கம்பிகள் மட்டும் உள்ள கேபிளுக்கும் அதே தலைதான்.

3. உறையில் அச்சிட்டிருப்பதை வாசித்தல்

இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வயர்களின் உறை நெடுகச் சிறிய எழுத்தில் 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்பதுபோல ஒரு வரி ஓடும். 1பி என்பது ஒரு சோடித் தரவுக் கம்பி, 2சி என்பது இரண்டு மின்கம்பிகள். ஏடபிள்யூஜி என்பது கம்பியின் பருமனைச் சொல்லும் அளவுமுறை, முன்னால் நிற்கும் எண் அந்த அளவு. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். தரவுச் சோடி 28ஆக இருப்பதில் குறையில்லை. மின்கம்பியும் 28 என்றால்தான் சார்ஜ் ஊர்ந்து ஏறும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீற்றர் வயரில் மின்னோட்டம் போய்த் திரும்புவது இரண்டு மீற்றர். 28ஆம் எண் செம்புக் கம்பியில் அந்தத் தூரத்தின் தடை ஏறத்தாழ 0.43 ஓம். சார்ஜர் 5 வோல்ற் கொடுத்து, போன் 2 அம்பியர் இழுத்தால் வயரிலேயே 0.85 வோல்ற் கரைந்துவிடும். போனுக்குப் போய்ச் சேருவது 4.15தான். வோல்ற் சரிவதைக் கண்டதும் போன் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். 24ஆம் எண்ணில் இழப்பு 0.34 வோல்ற். 20ஆம் எண்ணில் 0.13 மட்டும். இரண்டு மீற்றர் நீள வயர் வாங்கினால் இழப்பும் இரட்டிப்பாகும். கட்டில் வரை எட்ட வேண்டும் என்று நீள வயர் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். சிறிய சோலார் பலகையிலிருந்து போனுக்கு ஏற்றுகிறவர்கள் கையளவு நீளமுள்ள தடித்த வயரையே பாவியுங்கள். அங்கே வீணாக்க மின்சாரம் இல்லை.

வெளி உறையின் தடிப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். துணிப் பின்னல் போட்ட பருத்த வயருக்குள்ளும் மயிரிழைக் கம்பி இருக்கக்கூடும்.

4. தரவு போகிறதா?

போனைக் கணினியில் செருகுங்கள். ஆண்ட்ரோய்ட் போனில் மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, கோப்புப் பரிமாற்றம் என்ற தெரிவைத் தொடுங்கள். ஐபோன் என்றால் இந்தக் கணினியை நம்பலாமா என்று அதுவே கேட்கும். கணினியில் போனின் பெயர் தோன்றினால் வயரில் தரவுக் கம்பி உண்டு. ஒரு வயரிலும் தோன்றாவிட்டால் கணினியின் வேறு துவாரத்தில் செருகிப் பாருங்கள். ஒரு வயரில் தோன்றி மற்றதில் வெறும் சார்ஜ் மட்டும் ஏறினால், அந்த மற்றது தரவுக்கு உதவாத வயர்.

சாதாரண யூஎஸ்பி வயரைப் பிரித்தால் பெரும்பாலும் நான்கு நிறங்கள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. சார்ஜ் மட்டும் வயரில் பச்சையும் வெள்ளையும் இல்லை. இதனால் சார்ஜும் பாதிக்கப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஏ தலைச் சார்ஜர்கள் பலவற்றில், எவ்வளவு இழுக்கலாம் என்பதைப் போன் அந்தத் தரவுக் கம்பிகள் வழியாகவே அறிகிறது. கம்பி இல்லாவிட்டால் போன் பயந்து, நல்ல சார்ஜரிலும் அரை அம்பியரோடு நின்றுவிடக்கூடும்.

5. எவ்வளவு வேகமாக ஏறுகிறது?

ஒப்பிடும்போது வயர் ஒன்றைத் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். அதே போன், அதே சார்ஜர், அதே பிளக். பற்றரி 20க்கும் 50 வீதத்துக்கும் இடையில் இருக்கும்போது தொடங்குங்கள். 80ஐத் தாண்டினால் எந்த வயரிலும் வேகம் குறையும். போனை விமானப் பயன்முறையில் போட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். 20 நிமிடம் கழித்து எத்தனை வீதம் ஏறியது என்று கொப்பியில் எழுதுங்கள். போன் சுட்டிருந்தால் ஆறவிட்டு அடுத்த வயருக்குப் போங்கள். ஏழெட்டு வயர் இருந்தால் இது ஒரு நாளில் முடியாது, இரண்டு மூன்று நாட்களாகச் செய்யலாம். அவசரமென்றால் ஆம்பியர் என்ற ஆண்ட்ரோய்ட் செயலி மின்னோட்டத்தை அப்போதே காட்டும். அதன் எண் துல்லியமில்லை, ஆனால் இரண்டு வயர்களை ஒப்பிடப் போதும்.

இந்த வேலையில் விருப்பம் வந்துவிட்டால் சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் செருகும் சிறிய யூஎஸ்பி மீற்றர் ஒன்று வாங்குங்கள். வோல்ற்றும் அம்பியரும் திரையில் தெரியும். சார்ஜர் பக்கமாகச் செருகினால் அது காட்டும் வோல்ற் வயருக்கு முந்தியது. எனவே அம்பியரைப் பாருங்கள்: நல்ல வயரில் கூடுதலாக இருக்கும். 9 வோல்ற் காட்டினால் போனும் சார்ஜரும் பேசி வேகச் சார்ஜுக்கு இணங்கிவிட்டன என்று பொருள். எண்ணைப் பார்த்தபடியே வயரின் இரு முனைகளையும் மெதுவாக வளையுங்கள். எண் விழுந்து எழும்பினால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. தலை கையைச் சுட்டால் அந்த வயரை உடனே கழற்றுங்கள், அதற்குமேல் அதைச் சோதிக்க வேண்டாம்.

புதிதாக வாங்கிய பெயர் தெரியாத வயரை மடிக்கணினியில் முதலில் செருகாதீர்கள். 2016 பெப்ரவரியில், ரைப் சி கேபிள்களைத் தொடர்ந்து சோதித்துவந்த கூகுள் பொறியியலாளர் பென்சன் லியுங்கின் மடிக்கணினி ஒரே ஒரு கேபிளால் கெட்டுப்போனது. அதனுள் மின்கம்பிகளை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். முதல் பரீட்சை மலிவான ஒரு பொருளோடு நடக்கட்டும்.

6. இரு பக்கமும் ரைப் சி என்றால்

விதிப்படி செய்யப்பட்ட எந்த சி–சி கேபிளும் 3 அம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ற்றில் அது 60 வாற். அதற்கு மேல், 5 அம்பியர் கொண்டுபோக, தலைக்குள் ஒரு சிறிய மின்னணுச் சில்லு (சிப்) இருக்க வேண்டும். நான் இத்தனை தாங்குவேன் என்று அது சார்ஜருக்குச் சொல்லும். அந்தச் சில்லு பேசாவிட்டால் சார்ஜர் 3 அம்பியரைத் தாண்டாது. 65 வாற் மடிக்கணினிச் சார்ஜர் வைத்திருப்பவர்கள் 100 அல்லது 240 வாற் என்று அச்சிட்ட கேபிளைத் தேடுவது இதனால்தான். சில மடிக்கணினிகள் மெதுவான சார்ஜர் என்று திரையில் முறையிடும். சார்ஜரைக் குறைசொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சில நிறுவனங்களுக்கு விதிமுறைக்கு வெளியே தங்கள் சொந்த முறை உண்டு. ஒப்போவின் வூக் அப்படிப்பட்டது. அவர்களுடைய சார்ஜரும் அவர்களுடைய வயரும் சோடியாக இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். அந்தச் சோடியைப் பிரிக்காமல் கட்டி வையுங்கள்.

தரவு வேகத்தைச் சோதிக்க ஒரு கிகாபைற் அளவுள்ள ஒரு வீடியோவைப் பிரதிசெய்யுங்கள். யூஎஸ்பி 2இல் நல்ல நிலையில் அரை நிமிடமளவில் முடியும். அதைவிட மிக வேகமாக முடிந்தால் அது யூஎஸ்பி 3 வயர். ஆனால் போனே யூஎஸ்பி 2 என்றால் எந்த வயரும் அதை ஓடவைக்காது. ஐபோன் 15இன் சாதாரண வகைகூட அப்படித்தான். வேகமான வெளிவன்தட்டு உள்ளவர்கள் அதில் சோதிப்பதே சரி.

7. அடையாளம் கட்டுதல்

சோதித்ததும் அப்போதே எழுதிவிடுங்கள், நாளைக்கு மறந்துவிடும். வெள்ளைப் பிளாஸ்ரர்த் துண்டைத் தலைக்கு அருகில் கொடிபோல ஒட்டி, பேனாவால் எழுதலாம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. அதனால் நூல் கட்டினேன். சிவப்பு நூல் வேகமாக ஏறுவது, பச்சை நூல் படம் மாற்ற உதவுவது, இரண்டும் இருந்தால் இரண்டு நூல். நூல் இல்லாதது மெதுவானது, இரவில் போட்டுவிட்டுப் படுக்க. இப்போது மின்சாரம் வந்ததும், "தம்பி, சிவப்பு நூல் வயரைக் கொண்டுவா" என்று அம்மாவே சொல்கிறார்.

இரண்டு நூல் கட்டிய வயர் ஒன்றைத் தனியாக, பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையும் உறுதிகளும் இருக்கும் பையோடு வையுங்கள். வெள்ளத்துக்கு வெளிக்கிட நேர்ந்தால் அது கூடவே வரும்.

கழித்த வயர்களை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்க வேண்டாம். செம்பு எடுப்பதற்காக எரிப்பதை ஊரில் கண்டிருக்கிறேன். அந்த உறை எரியும்போது ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சு வாயு வருகிறது, அதைச் சுவாசிப்பது பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்தான். கத்தரியால் இரண்டாக வெட்டுங்கள், யாரும் எடுத்துத் திரும்பச் செருக முடியாதபடி. பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் அல்லது பிரதேச சபை மின்கழிவு சேர்க்கும் நாளில் கொடுத்துவிடுங்கள்.